வெட்டுவதற்கு முன் கேட்கிற கடை

திருகோணமலையில் பழைய புத்தகம் கட்டித்தர ஆள் இருக்கிறாரா என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் வழி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக இங்கே எழுதி வைக்கிறேன். நல்லதும் வரும், நான் பட்ட எரிச்சலும் வரும்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மத்திய வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கை ஒன்றில், தையல்கடைக்கும் கைப்பேசி திருத்துகிற கடைக்கும் நடுவில், ஒரு கதவு அகலத்தில் இருக்கிறது. வாசலில் பழைய கணக்குப் புத்தகங்கள் அடுக்கியிருந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். மான் நின்றாலும் அதே அர்த்தம்தான். எங்கள் ஊர் மான்களுக்குப் புல்லைவிடத் தாள் பிடிக்கும். நான் முதல்முறை போனபோது ஒரு கொம்பன் கழுத்தைக் கதவுக்குள் நீட்டி, தரையில் கிடந்த தாள் நறுக்குகளை நூடில்ஸ் மாதிரி உறிஞ்சிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை விரட்டவில்லை. "கூட்டுற வேலை மிச்சம் டீச்சர்" என்றார். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. குடையும் தோள்பையும் காட்டிக்கொடுத்திருக்கும்.

அவரை எல்லாரும் நானா என்றுதான், அதாவது முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. ஆள் தண்ணீருக்கு அக்கரையில் இருக்கிற கிண்ணியா. நாற்பது வருடத் தொழில். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறித்தான் வந்து போனார். பாதையைத் தவறவிடக்கூடாது என்று அந்தக் காலத்தில் நாலரைக்கே கடையைச் சாத்துவாராம். இப்போது பாலம் வந்து இத்தனை வருடமாகியும் நாலரைக்கே சாத்துகிறார். கேட்டால், "பழகிப் போச்சு" என்கிறார். ஐந்து மணிக்குக் கந்தோர் விட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

நான் கொண்டுபோனது அம்மாவின் பள்ளிக்கூடச் சஞ்சிகைகள். 1952 முதல் 1958 வரை, வருடத்துக்கு ஒன்று, மொத்தம் ஏழு. அம்மா படித்தது கொன்வென்றில். எங்கள் வீட்டில் அதற்குக் கன்னியர் மடம் என்றுதான் பெயர். "மடத்துக்குப் போற காலத்தில" என்று அம்மா தொடங்கினால் அன்றைக்கு அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் சைவக் குடும்பம். இந்துப் பெண் பிள்ளைகளுக்கென்று ஸ்ரீ சண்முகா 1923 இலேயே தொடங்கிவிட்டது, எங்கள் பெரியம்மா அங்கேதான் படித்தார். ஆனால் அம்மப்பா கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர், வெள்ளைக்காரத் துரைமாரோடு பழகியவர், கடைசி மகளாவது இங்கிலீஷும் பியானோவும் படிக்கட்டும் என்று மடத்தில் சேர்த்துவிட்டார். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அம்மா இரண்டையும் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தார். திருநீறு பூசிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்கிற ஒரே ஆள் எங்கள் தெருவில் அவர்தான்.

சரி, கடைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு பழைய வயிற்றெரிச்சலைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடையை நான் ஏன் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று விளங்காது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், அந்த ஏழில் ஒன்றை, 1954 ஆம் வருடத்ததை, வேறொரு ஊரில் பெரிய கடையொன்றில் கட்டக் கொடுத்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். அம்மாவின் பிறந்தநாளுக்குக் கொடுத்து அசத்தலாம் என்று நினைத்தேன். சிவப்பு ரெக்சின், முதுகில் பொன்னெழுத்து, மூன்று பக்க விளிம்பும் வெட்டின கேக் மாதிரி வழுவழுவென்று வந்தது. அம்மா வாங்கிப் புரட்டினார். ஏழாம் வகுப்புப் படம் இருக்கிற பக்கத்தில் நின்றார். கொஞ்சநேரம் பார்த்தார். "வடிவாத்தான் கட்டியிருக்கினம்" என்று சொல்லி மூடி வைத்துவிட்டார்.

என்ன நடந்தது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. 2019 இல் அம்மா போன பிறகு அலுமாரியை ஒதுக்கும்போதுதான் கண்டேன். அந்தச் சஞ்சிகைகளில் வகுப்புப் படங்களுக்குக் கீழே 'ஏழாம் வகுப்பு, வகுப்பாசிரியையுடன்' என்ற அளவில்தான் அச்சிட்டிருப்பார்கள். பெயர்கள் கிடையாது. மதருக்குப் பெயர் உண்டு, பரிசளிப்பு விழாவுக்கு வந்த அரசாங்க அதிபருக்கு உண்டு, பிள்ளைகள் வெறும் பிள்ளைகள். அந்தப் பெயர்களை அம்மா பென்சிலால், பக்கத்து ஓரத்தில், வரிசை வரிசையாக எழுதி வைத்திருந்தார். எழுத்து எறும்பு அளவுதான். 1954 இல் அந்தப் படம் இடது பக்கத்தில் வருகிறது. ஓரம் வழுவழுவென்று இருக்கவேண்டும் என்று அரை அங்குலம் வெட்டியதில் ஒவ்வொரு பெயரின் முன்பாதியும் போய்விட்டது. மிச்சம் இருப்பது: ம்மா, மணி, றா, மலர், ம்மா, ராணி, ம்மா. முன்பாதி போனால் எங்கள் பெண்களின் பெயரெல்லாம் ஒன்றுதான்.

அதனால் மற்ற ஆறையும் நான் யாரிடமும் கொடுக்கவேயில்லை. கடலோர ஊர், உப்புக்காற்று. கம்பி அடித்த இடமெல்லாம் துருப்பிடித்துத் தாளைத் தின்னத் தொடங்கிவிட்டது. போன வருடம் ஒரு நாள் இராமபாணப் பூச்சி ஒன்று 1956 இலிருந்து 1957 க்கு நடந்து போனதைப் பார்த்த பிறகுதான் பொறுக்கமுடியாமல் நானாவிடம் போனேன்.

அவர் விலை சொல்லவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஆறு சஞ்சிகையையும் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். வந்த வேறு இரண்டு வாடிக்கையாளர்களை "பொறுங்க" என்று கையைக் காட்டி நிறுத்திவைத்தார். 1953 ஆம் வருடத்து வகுப்புப் படத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பென்சில் எழுத்து வேணுமா டீச்சர்?"

வேணும் என்றேன்.

"அப்ப வெட்டேலா. வெட்டாட்டி விளிம்பு ஏத்த இறக்கமாத்தான் இருக்கும். பாக்க அவ்வளவு வடிவா இருக்காது. வெட்டவா, உடவா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். விடுங்கள் என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். மூலையில் இருந்த வெட்டு இயந்திரத்தைக் காட்டி, "இது இருக்கு எண்டதுக்காக எல்லாத்தையும் வெட்டப்படாது" என்று ஒரு உபதேசமும் செய்தார். உபதேசம் அவரிடம் இலவசம், நிறையக் கிடைக்கும்.

வேலை எப்படி என்று கேட்கிறவர்களுக்கு. முதலில் துருக்கம்பிகளைக் குறட்டால் இழுப்பதில்லை. கத்தி நுனியால் கம்பியின் காலை நிமிர்த்தி, பின்பக்கமாகத் தள்ளி எடுக்கிறார். இழுத்தால் தாளோடு வரும். பிறகு தூரிகையால் தூசி தட்டுகிறார். கிழிந்த இடங்களுக்குச் செலோடேப் போட்டுக்கொண்டு வந்தால் திட்டு விழும். எனக்கு விழுந்தது. 1955 இல் ஒரு பக்கத்துக்கு நான்தான் எப்போதோ ஒட்டியிருந்தேன், அது இப்போது தேத்தண்ணி நிறத்தில் பட்டையாக நிற்கிறது, எழுத்தையும் மறைத்துக்கொண்டு. அவர் ஒட்டுவது மெல்லிய தாளால், கோதுமை மாப் பசையில். பசையைக் கடையிலேயே காய்ச்சுகிறார். பூச்சி வராமல் இருக்கத் துளியளவு துரிசு கலப்பதால் பசைக்கு ஒரு மெல்லிய நீல நிறம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார்.

நடுமடிப்பில் கம்பி அடித்த சஞ்சிகைகளை மடிப்புக்குள்ளாலேயே நூல் விட்டுத் தைத்திருக்கிறார். அவை மேசையில் வைத்தால் கவிழாமல் அகலமாக விரிகின்றன. 1957, 1958 இரண்டும் தடிப்பானவை, பக்கவாட்டில் கம்பி அடித்தவை. அவற்றைப் பக்கத்தாலேயே தைக்க வேண்டியிருந்தது. அதனால் அவை முழுதாக விரிவதில்லை, ஒரு கையால் அமுக்கிக்கொண்டுதான் வாசிக்கவேண்டும். முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார், ஆனாலும் எரிச்சல்தான்.

1957 இல் இரண்டு படத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி இருந்தன. 1964 டிசெம்பர் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரையோடு பறந்து நனைந்ததில் வந்த வினை. பளபளப்பான ஆர்ட் பேப்பர் ஒருமுறை நனைந்து காய்ந்தால் மேற்பூச்சு கோந்து மாதிரி ஆகிவிடுமாம். பிரிக்க ஏலாது என்று நேரே சொன்னார். "நான் பிரிச்சா படம் ரெண்டு பக்கமும் உரிஞ்சு வரும். ஆரும் பிரிச்சுத் தாறன் எண்டு சொன்னா குடுக்காதீங்க." வேறொருவர் என்றால் காசுக்கு முயன்று பார்த்திருப்பார். அப்படியே விட்டு, முன்னும் பின்னும் ஒரு எண்ணெய்த்தாள் வைத்துத் தைத்திருக்கிறார். உள்ளே யார் படம் இருக்கிறது என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. 

தைக்கிற நாட்களில் நான் மூன்று நாலு தரம் போய் உட்கார்ந்தேன். ஒரு பிளாஸ்டிக் கதிரை உண்டு. வேலை செய்துகொண்டே கேள்வி கேட்பார். அவருக்கு அது வெறும் தாள்தான் என்று நினைத்திருந்தேன், அப்படியில்லை. ஆறையும் வரிசையாக அடுக்கி முதுகுப்பக்கத்தைக் காட்டி, "தமிழ்ப் பக்கம் வருசத்துக்கு வருசம் கூடுது, பாத்தீங்களா?" என்றார். நான் எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன், கவனித்ததேயில்லை. முன்பாதி இங்கிலீஷ், பின்பாதி தமிழ். 1952 இல் தமிழ் என்பது பின்மட்டைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற ஏழெட்டுத் தாள். 1958 இல் அது கிட்டத்தட்டப் பாதி. 1945 க்குப் பிறகு ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு வந்தன, ஐம்பதுகளில் மேல்வகுப்புகளும் படிப்படியாக மாறின. தமிழில் படித்து வந்த பிள்ளைகள் மேலே ஏற ஏற, கட்டுரை எழுதுகிற கைகளும் மாறியிருக்கின்றன. இத்தனை வருடம் வரலாறு படிப்பித்த எனக்கு அது தாளின் தடிப்பில் தெரியவில்லை, புத்தகம் கட்டுகிறவருக்குத் தெரிந்தது.

"இந்த மதர்மார் எங்க உள்ள ஆக்கள்?" என்று இன்னொரு நாள் கேட்டார். இங்கிலாந்தா, பிரான்சா என்று அவருடைய நினைப்பு. இரண்டும் இல்லை, மங்களூர் என்றேன். அம்மாவின் காலத்தில் மடத்தை நடத்தியவர்கள் அப்போஸ்தலிக்க கார்மேல் சபைச் சகோதரிகள். அந்தச் சபையின் கதையே ஒரு சுற்று. தொடங்கியவர் சோபி லீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண், அங்கிலிக்கன் குருவானவர் ஒருவருடைய மகள், 1823 இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் பிறந்தவர். கத்தோலிக்கத்துக்கு மாறி, கன்னியாகி, கேரளத்தில் கோழிக்கோட்டில் கொஞ்சக்காலம் இருந்து, பிறகு பிரான்சுக்குத் திரும்பி 1868 இல் பயோன் என்ற ஊரில் சபையைத் தொடங்கினார். வெரோனிக்கா அன்னை என்றால் அவர்தான். அவர் அனுப்பிய சகோதரிகள் 1870 இல் மங்களூரில் இறங்கிப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார்கள். அங்கே கொங்கணி பேசுகிற பெண்கள் சேர்ந்து, அந்தப் பெண்கள் கடல் தாண்டி எங்கள் ஊருக்கு வந்து, திருநீறு பூசின என் அம்மாவுக்கு இங்கிலீஷ் இலக்கணம் படிப்பித்தார்கள்.

அம்மாவுக்கு அவர்களிடமிருந்து வந்த சொத்துகளில் எனக்குத் தெரிந்து மிச்சமிருப்பது குல்குல். மங்களூர்க் கத்தோலிக்கர் நத்தாருக்குச் செய்கிற பலகாரம். மா உருண்டையை ஒரு புதுச் சீப்பின் பல்லில் வைத்து அமுக்கிச் சுருட்டினால் சிப்பி மாதிரி வரி விழும், பிறகு பொரித்துச் சீனிப்பாகில் பிரட்டவேண்டும். எங்கள் வீட்டில் அது தீபாவளிக்குச் செய்வது. அதற்கென்றே ஒரு மஞ்சள் சீப்பு அடுக்களையில் தொங்கும், தலையில் வைத்தால் அடி விழும். அடுத்தமுறை கடைக்குப் போகும்போது ஒரு போத்தலில் கொண்டுபோனேன். நானா இரண்டைத் தின்றுவிட்டு, "எங்கட வீட்டிலயும் இதுக்குக் கிட்டத்தட்ட ஒண்டு செய்வாங்க" என்றார். எந்தப் பலகாரத்தைக் கொடுத்தாலும் அவர் அதைத்தான் சொல்வார் என்று அவருடைய மகன் பின்னாலிருந்து சிரித்தான்.

முதல் பக்கங்களில் ஆயர்களின் படம் வரும். இக்னேசியஸ் கிளெனி ஆண்டகை, 1947 முதல் 1974 வரை ஆயராக இருந்தவர். அவருக்கு முன் பிரெஞ்சுக்காரர் ரோபிஷே ஆண்டகை. இருவரும் இயேசு சபையினர். திருகோணமலை 1893 இல் தனி மறைமாவட்டம் ஆனது. சில வருடத்தில் ஆயராக வந்த சார்ள்ஸ் லவீஞ் ஆண்டகையும் இயேசு சபைதான், அதற்கு முன் கோட்டயத்தில் இருந்தவர். ஆண்டகைமாரின் படமெல்லாம் முழுப்பக்கம், பெயர், பட்டம் எல்லாம் அச்சில். அவற்றுக்கு அம்மா பென்சிலைத் தொட்டதேயில்லை.

அம்மாவின் வகுப்பில் 1942 ஏப்ரல் 9 ஐப் பற்றிக் கட்டுரை எழுதாத பிள்ளையே இல்லைப் போலும். எல்லாருக்கும் அப்போது இரண்டு மூன்று வயது. நினைவிருக்க வழியில்லை, வீட்டில் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஜப்பான் விமானங்கள் வந்தது, எண்ணெய்க்குதம் எரிந்தது, சனம் மூட்டை முடிச்சோடு உள்ளூருக்கு ஓடியது. ஒரு பிள்ளை மட்டும் தங்கள் வீட்டுப் பசு அன்றைக்குக் கன்று போட்டதை எழுதியிருக்கிறது, குண்டு பற்றி ஒரே வரி. எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை அது. 1957 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அடுத்த சஞ்சிகையில் அம்மாவின் வகுப்புப் படத்தில் நாலைந்து தலைகள் குறைகின்றன. தளத்தில் வேலை செய்த தகப்பன்மாரோடு போனவர்கள். அம்மா அவர்களுடைய பெயரை எழுதி, இல்லாத இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

எங்களிடம் இருப்பது 1958 ஓடு முடிகிறது, அந்த வருடம் அம்மா பள்ளிக்கூடம் விட்டுவிட்டார். மடத்துப் பள்ளிக்கூடமும் பிறகு அதே மாதிரி நீடிக்கவில்லை. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தோடு, அந்த வருடம் டிசெம்பர் 1 முதல், அரசின் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளின் முகாமை கல்விப் பணிப்பாளரிடம் போனது. 1961 இல் வந்த அடுத்த சட்டம் கட்டடத்தையும் காணியையும் எடுக்க வழி செய்தது. சில பெரிய பள்ளிக்கூடங்கள் கட்டணமும் வாங்காமல் உதவியும் வாங்காமல் தனியே நின்றன. மற்றவை அரசுக்கு வந்தன. அரசிடம் வந்த இடங்களிலும் சகோதரிகள் பலர் அரச சம்பளம் வாங்கிக்கொண்டு அதே வகுப்பறைகளில் தொடர்ந்து படிப்பித்தார்கள். நான் படித்த காலத்திலும் வெள்ளை உடுப்புச் சிஸ்டர்மார் இருந்தார்கள், ஆனால் வரவுப் பதிவேட்டின் மேல் இருந்தது அரசாங்க முத்திரை.

இதைச் சொன்னபோது நானா கொஞ்சநேரம் பேசவில்லை. ஊசியில் நூல் கோர்த்து முடிந்த பிறகு, "அப்ப கல்வி மந்திரி பதியுதீன் மஹ்மூத். எங்கட ஆக்கள் அவரப் பத்தி வேற மாதிரித்தான் கதைப்பாங்க" என்றார். தங்கள் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடம் எதுவும் எட்டிப் பார்க்காத காலத்தில் அரசாங்கப் பள்ளிக்கூடம்தான் வந்ததாம், அவருடைய உம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதாம். எங்கள் வீட்டில் அந்த மந்திரியின் பெயர் வந்தால் அம்மம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அதையும் சொன்னேன். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம்.

இனிக் குறைகள். இரண்டு கிழமை என்றார், ஏழு கிழமை ஆனது. தொலைபேசி எடுக்கமாட்டார், எடுத்தாலும் மகன்தான் எடுப்பான், அவனுக்கு எந்தப் புத்தகம் யாருடையது என்று தெரியாது. பற்றுச்சீட்டு கிடையாது, ஒரு பீடிக்கட்டு அட்டையில் தொகையை எழுதிக் கொடுப்பார். கந்தோர்க் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்குச் சரிவராது. பொன்னெழுத்து அடிக்கிற அச்சு அவரிடம் இல்லை, வெளியே கொடுத்து எடுக்கிறார். அங்கேயிருந்து எனக்கு வந்தது '1595 - 1958'. போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடிக்கிறதுக்கு முப்பத்தாறு வருடம் முன்னமே அம்மா பள்ளிக்கூடம் போயிருக்கிறா என்று என் தம்பி அதை வட்ஸப்பில் குடும்பம் முழுக்க அனுப்பினான். கோயில் இடித்தது 1622, இருபத்தேழு வருடம்தான் வரும் என்று அவனைத் திருத்த நான் ஒரு வசனம் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். வருடத்தைக் கணக்குப் பார்க்காமல் பகிடி விடுகிறவனிடம் பேசி என்ன பலன். நானா அந்த எழுத்தின் மேல் ஒரு கறுப்புத் துணித்துண்டு ஒட்டி, தாளில் கையால் எழுதிய சுட்டியை வைத்துத் தந்தார். காசு குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விலை: ஆறு சஞ்சிகையையும் மூன்று மூன்றாக இரண்டு தொகுதியாகக் கட்டினோம், ஒன்றுக்கு 2,600 ரூபாய். மட்டை, காலிக்கோத் துணி எல்லாம் சேர்த்து. 2022 இல் நாட்டில் தாளே இல்லாமல் போனபோது தொழிலை விட்டுவிட இருந்தாராம், பழைய மட்டைப்பெட்டிகளைச் சேர்த்துச் சமாளித்திருக்கிறார். இப்போதும் மட்டை அவ்வளவு ஒரே சீராக இல்லை. தொகுதி ஒன்றின் பின்மட்டை வெயில் பட்டால் லேசாக வளைகிறது. துணி கறுப்பு அல்லது மெரூன், வேறு நிறம் கேட்டால் முகம் சுளிப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஒப்படைக்குச் சுருள்கம்பி போட்டுத் தருவீர்களா என்று கேட்டுப் போகாதீர்கள். பக்கத்துக் கொப்பிக்கடையைக் காட்டிவிடுவார்.

கடைசியாக, அந்தச் சிவப்பு ரெக்சின் 1954. அதை அவரிடம் காட்டுவதா என்று யோசித்து யோசித்துத்தான் கொண்டுபோனேன். புரட்டினார். ஏழாம் வகுப்புப் படத்துக்கு வந்ததும் நாக்கைத் தட்டினார், அவ்வளவுதான், வெட்டினவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொழிலாளி தொழிலாளியைக் குறை சொல்வதில்லை போலும். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு மகனைக் கொண்டு என்னைக் கூப்பிட்டார். வெட்டின ஓரத்தில் அதே தடிப்பில், அதே மங்கல் நிறத்தில் ஒரு தாள் கீற்றை, அரை அங்குலத்துக்கு, ஒட்டிக் கொடுக்கலாம் என்றார். பழைய கணக்குப் புத்தகங்களின் எழுதாத கடைசித் தாள்களை அவர் எறிவதில்லை, இதற்காகத்தான் சேர்த்து வைத்திருக்கிறாராம். "போன எழுத்து வராது டீச்சர். எழுதுற இடம் வரும்." சிவப்பு மட்டையைக் கழற்றாமலே அந்த ஒரு தாளுக்கு மட்டும் செய்தார். இணைப்பு தெரிகிறது, ஆனால் விரலை ஓட்டினால்தான். 900 ரூபாய்.

அதை எடுத்துக்கொண்டு பாலையூற்றுக்குப் போனேன். அம்மாவோடு ஒரே வாங்கில் இருந்த அன்ரி ஒருவர் இன்னும் இருக்கிறார், பறங்கிக் குடும்பம், வயது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியைப் படத்தின் மேல் பிடித்துக்கொண்டு முதல் வரிசையைப் பார்த்தவுடனேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார். நான் எழுதுகிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். "விடு பிள்ளை, உன்ர எழுத்து டீச்சர் எழுத்து" என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். நானாவும் பென்சில்தான் பாவிக்கவேண்டும், பேனை என்றால் மை ஊறும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

படத்தில் இருபத்துமூன்று பேர். கை நடுங்குவதால் ஒரு பெயருக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. கீற்றில் அன்ரியின் எழுத்து, இணைப்பைத் தாண்டியவுடன் அம்மாவின் எழுத்து. பாக்கிய, ம்மா. செல்வ, ராணி. எல்லாம் அப்படிச் சேர்ந்துகொண்டு வந்தன. மூன்றாவது வரிசையில், வலமிருந்து இரண்டாவதாக, இரட்டைப் பின்னலோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் வந்ததும் நின்றுவிட்டார். அம்மாவின் எழுத்தில் மணி என்று மட்டும் இருக்கிறது. தவமணியா, இரத்தினமணியா? தவமணி வகுப்பில் இருந்தவள், ஆனால் அவளுக்குப் பின்னல் இல்லை என்கிறார். அன்றைக்குப் பின்னேரம் முழுக்க யோசித்தார். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு வந்தேன்.

கடை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மூடினால் அன்றைக்குத் திறப்பதில்லை. மற்ற நாட்களில் ஒன்பதரைக்குப் போங்கள், செலோடேப்பை வீட்டில் விட்டுவிட்டு.